மதீசனின் ஓடை

கார்த்திகை மாதம், 2004. இரவு பதினொரு மணி இருக்கும். ஜேர்மனியில், பெல்ஜியம் எல்லையோரம், சதுப்பு மேட்டில் ஒரு ஒற்றைத் தெரு... முன்னாலும் வாகனம் இல்லை, பின்னாலும் இல்லை. இது என்னோடு வேலை செய்யும் தேவமலரின் மச்சான் இராசலிங்கத்துக்கு நடந்தது.

அந்த நிலத்தைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். அது மண்ணே இல்லை. பல ஆயிரம் வருடப் பாசி, நனைந்த பஞ்சு மாதிரி. ஒரு அடி தாங்கும்... அடுத்த அடி தாங்காது. அதிலிருந்து கசியும் நீர்தான் ஓடையாகிறது. வெறுந்தேநீர் நிறம். ஓடுவதே தெரியாது. அடுப்பெரிக்க அந்தப் பாசியை வெட்டிக் காயவைத்தவர்கள், ஓடையில் எவர் மூழ்கினாரோ அவர் பெயரையே ஓடைக்கு வைத்தார்கள். பின்னால் வருபவர் கவனமாக நடக்கட்டும் என்றுதான். பாலத்துக்குப் பாலம் ஒரு பெயர்ப்பலகை.

இராசலிங்கத்துக்கு இது தெரியும். கலியாண வீட்டிலிருந்து அவனுடைய காரில் கூட வந்த கமலநாயகிக்குத் தெரியாது. அவள் அவனுடைய சிநேகிதன் மதீசனின் அக்கா.

"பிரான்சுக்குப் போனவன் ஒரு கடுதாசி போடேல்லையே. ஆரோ வெள்ளைக்காரி மயக்கிப்போட்டாள்."

"அப்பிடித்தான் அக்கா." வழக்கம்போலச் சிரித்தான். வழக்கம்போல உடம்பு கூசியது.

பதினைந்து வருடங்களுக்கு முன் அவனும் மதீசனும் இதே சதுப்பால் நடந்துதான் எல்லை கடக்கப் பார்த்தார்கள். மதீசன் இடுப்புவரை புதைந்துவிட்டான். "மச்சான், கையைத் தா" என்றான். தூரத்தில் பொலிஸ் வெளிச்சம்... இராசலிங்கம் ஓடிவிட்டான். மதீசனை ரயில் ஏற்றிவிட்டதாக அக்காவிடம் வந்து சொன்னான்.

"நிப்பாட்டும், நிப்பாட்டும்!" கமலநாயகி கத்தினாள். "அந்தப் பலகையைப் பாரும். எங்கட தம்பியின்ர பேரெல்லோ!"

சிரித்துக்கொண்டே இறங்கினாள். அவனும் இறங்கினான். ஊறிய இலை நாற்றம். பாலத்தின் கீழே... ப்ளக். ப்ளக்.

ஜேர்மன் எழுத்தில், தெளிவாக, மதீசன். அவன் இங்கே மூழ்கியது இராசலிங்கத்தைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

அவளுடைய சிரிப்பு நின்றது. "இராசலிங்கம்... நீர் அவனை ரெயில் ஏத்தினது உண்மைதானே?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தான். அதற்குள் கீழேயிருந்து, தொண்டை நிறைய நீரோடு, ஒரு குரல்.

"ஓம் அக்கா... உண்மைதான்."

அது மதீசனின் குரல். இருட்டில் அவள் அதை இராசலிங்கத்தின் பதிலென்று நினைத்துவிட்டாள். பெருமூச்சு விட்டாள். "அது காணும், வேறொண்டும் வேண்டாம்" என்று காரில் ஏறினாள்.

விட்டுவிட்டு ஓடியவனை, விடப்பட்டவனே காப்பாற்றுகிறான்! அந்த வெட்கத்தில் இராசலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள், கெல்சென்கிர்ச்சனில் அவள் வீட்டுக்கே போனான். அவள் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மதீசனை நான்..."

தொட்டித் துவாரத்துக்குள் ப்ளக் என்றது.

"...ரெயில் ஏத்தினனான் அக்கா. கவலைப்படாதேங்கோ."

அவன் உதடு அசையவே இல்லை.

கமலநாயகி திரும்பாமலே கேட்டாள்: "குரலென்ன அடைச்சுக் கிடக்கு? தண்ணிக்குள்ளை நிண்டனீரோ?"