ஜஹீதாவுக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை

சமைப்பதைவிட, சாப்பிடுகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும், இன்ஸ்பெக்டர் மேடம். அதற்கு என் தங்கை ஜஹீதாவைப் போல ஓர் ஆள் கிடைக்காது. இரண்டாவது தட்டு பிரியாணியையும் முடித்துவிட்டு, "இன்னும் இருக்கா ஆபா?" என்பாள். அக்காவை எங்கள் வீட்டில் ஆபா என்போம். வலிப்புக்காக அவள் சாப்பிட்டுவந்த பழைய மாத்திரை, வால்ப்ரோயேட், நன்றாகப் பசியெடுக்க வைத்தது. மதியத்தில் தூக்கமும் வரும். என் மடியில்தான் தலைவைத்துப் படுப்பாள். முடி கொஞ்சம் கொட்டியது, எண்ணெய் தேய்த்துவிட்டேன். அம்மா அப்பா போன பிறகும் ஆம்பூரில் எங்கள் வீட்டைப் போலக் கலகலப்பான வீடு இருந்திருக்காது.

பிறகு வேலூர் டாக்டர் மருந்தை மாற்றினார். கல்யாண வயசுப் பெண், நாளைக்கு உண்டானால் பழையது வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்றார். நியாயமான பேச்சுதான். புதியதன் பெயர் லெவிடிரசிடம்.

இரண்டையும் நான் ஓரவஞ்சனை இல்லாமல் ஒப்பிட்டுப் பார்த்தேன். வலிப்பை இரண்டுமே நிறுத்தின. அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் புதியதில் பசி அடங்கியது, பகல் தூக்கம் போயிற்று. காலையிலேயே எழுந்து பாட்டுப் பாடினாள். ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே சூப்பர்வைசர் தபரேஸ், வாணியம்பாடிப் பையன், வலிப்பு விஷயம் தெரிந்தே பெண் கேட்டான். நல்ல பையன். என்னைக்கூடச் சிரிக்க வைத்துவிடுவான்.

"நான் கட்டிக்கினு போய்ட்டா நீ இன்னா பண்ணுவ ஆபா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"எனக்கின்னா, பேஜார் வுட்டுச்சுன்னு ஜாலியா இருப்பேன்," என்றேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அவளுடைய மாத்திரை டப்பாவை வாராவாரம் நான்தான் நிரப்புவேன். அந்த வாரம் புதியதை எடுத்துவிட்டுக் கால்சியம் மாத்திரையைப் போட்டேன். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான், எலும்புக்கும் நல்லது. எடுத்ததை வீணாக்கவில்லை, அரிசி டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. ஒரு சின்ன வலிப்பு வந்தால் போதும், புதியது சரிப்படவில்லை என்று டாக்டர் பழையதையே எழுதிக்கொடுத்துவிடுவார். மாப்பிள்ளை வீட்டார் வருகிற அன்று வந்தால் அவர்களும் யோசிப்பார்கள். அவள் எங்கே விழுந்தாலும் அடிபடாதபடி கூடம் முழுக்க மெத்தை விரித்தேன். மேஜை முனைகளுக்குத் துணி சுற்றினேன். இதைவிட எப்படி அக்கறையாக இருக்க முடியும்?

அவர்கள் வருவதற்கு முன்பே, கம்பெனி மாடிப்படியில் வலிப்பு வந்துவிட்டது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. இடுப்பு எலும்பு முறிந்து, மண்டையில் அடி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்வரை வலிப்பு விட்டு விட்டு வந்துகொண்டே இருந்ததாம். கண் திறக்கச் சில நாள் ஆயிற்று. அவள் பையிலிருந்த டப்பாவைத் திறந்து பார்த்த நர்ஸ் ஹெப்சி, "குர்ஷித் அக்கா, இது வலிப்பு மாத்திரையே இல்லையே," என்றாள். கெட்டிக்காரப் பெண். நீங்கள் கேட்டதும் நானும் மறைக்கவில்லை. ஆமாம், மாற்றியது நான்தான்.

தபரேஸ் ஓடிப்போய்விடவில்லை. கட்டிலருகே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுக்கிறான். கல்யாணம் ரம்ஜான் முடிந்ததுமாம். ஜஹீதா சிரிக்கிற சத்தம் வராந்தாவரை கேட்டது. நான் கதவைத் திறந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அவள உள்ள வுடாதீங்க சிஸ்டர். இனிமே அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

எனக்குக் கோபமே வரவில்லை. மறுபடியும் அந்தப் புதிய மாத்திரையைத்தானே கொடுக்கிறார்கள். அது சிலருக்கு எரிச்சலை உண்டாக்கும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். என் தங்கை அப்படிப் பேசுகிறவள் இல்லை. நீங்கள் வாங்கி வைத்திருக்கிற என் கைப்பையில் பழைய மாத்திரை ஓர் அட்டை இருக்கிறது, மேடம். யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். ரெண்டு வேளை உள்ளே போனால், ஆபா எங்கே என்று அவளே கேட்பாள்.