சண்டை போட்டுக் கற்ற சொற்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் மேலாளர் அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் உடைந்துபோய் உட்கார்ந்திருக்கும் அக்காவின் கணவரே, மகளே, தையல் பிரிவிலிருந்தும் கட்டிங் பிரிவிலிருந்தும் வந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

கணக்குப் பிரிவின் மூத்த எழுத்தர், நம் அகராதி அக்கா, மறைந்துவிட்டார். 'அகராதி பிடித்தவள்' என்று நிர்வாகத்தில் சிலர் முணுமுணுத்ததை நாம்தான் பட்டமாக்கிச் சூட்டினோம். இன்று அழத்தான் வந்தேன். வாசலில் அறிவிப்புப் பலகையைப் பார்த்ததும் அழுகை போய் ஆத்திரம் வந்துவிட்டது.

உணவு இடைவேளையில், ஓய்வறையில், அவர் நமக்குச் சொல்லிக்கொடுத்தது வெறும் 'குட் மார்னிங்' ஆங்கிலமா? இல்லை. படித்தவர்களே தடுமாறும் கனமான சொற்கள். மனப்பாடம் செய்யச் சொன்னாரா? அதுவும் இல்லை. "என்னோட சண்டை போடுங்க. கோவத்துல வாயில வர்ற வார்த்தைதான் உங்களுது" என்பார். அன்றைய சொல்லை அவர்மீது வீசாமல் யாரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க முடியாது. எத்தனை பேரிடம் திட்டு வாங்கினார் அந்த மகராசி!

நம் லாரி ஓட்டுநர் ஒருமுறை 'ப்ரிபாஸ்டரஸ்' என்ற சொல்லை, அதாவது சுத்த அபத்தம் என்பதை, வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியின் சமையல்மீது பிரயோகித்தார். மறுநாள் அந்த அம்மா வந்து நின்றார். "அக்கா, இவரு என்னமோ சொன்னாரு. திருப்பிச் சொல்ல எனக்கும் நாலு வார்த்தை வேணும்." அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். இன்று அந்த அம்மா வாயைத் திறந்தால் ஓட்டுநர் கப்சிப்.

"தையல் மெஷின் ஓட்ட எதுக்கு இவ்வளவு பெரிய இங்கிலீஷ்?" என்று நீங்கள்தான் கேட்டீர்கள், மேலாளர் ஐயா. "மெஷினுக்கு எண்ணெய் போதும் சார். ஓட்டுறவங்களுக்குப் போதாது" என்றார் அக்கா. சென்ற ஆண்டு ஒப்பந்தத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாமல் வரிக்கு வரி கேள்வி கேட்டோமே, அந்தத் துணிச்சல் வேறெங்கிருந்து வந்தது?

பலகையில் என்ன எழுதியிருக்கிறது? ஓய்வறையில் அக்காவின் படம் திறக்கப்படுமாம். நாளை முதல் அது சரக்கு அறையாம். வகுப்பு கிடையாதாம். அட்டைப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு சுவரில் தொங்கவா அவர் தொண்டை வற்றக் கத்தினார்?

பணிவோடு சொல்கிறோம் ஐயா, பயந்துகொண்டு சொல்லவில்லை. நாளை வகுப்பு நடக்கும். மறுநாளும் நடக்கும். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்போம்.

மேடை ஏறுமுன் அக்காவின் கணவரிடம், "படத்துக்கு என்ன சொல்றீங்க மாமா?" என்று கேட்டேன்.

"படம் எங்க வீட்டுல இருக்கு. அந்த ரூம் சாவிய வாங்கிட்டு வா" என்றார்.

சாவியைக் கொடுங்கள் ஐயா. வாங்காமல் இந்தக் கூட்டம் கலையாது.