துண்டுக்குள் மச்சானின் கை

மழைக்காலத்தில் சினிமாக் கொட்டகை முறுக்கை வாங்கக் கூடாது ஐயா. நமுத்துப்போயிருக்கும், கடித்தால் சத்தமே வராது. என் மச்சானுக்கு அது பெரிய குறை. பேய்ப்படம் பார்க்கும்போது வாயில் ஏதாவது நொறுங்க வேண்டும், இல்லாவிட்டால் படத்தின் சத்தம் அவ்வளவும் காதுக்குள் போய்விடுகிறது என்பார்.

நீங்கள் முறுக்கைப் பற்றிக் கேட்கவில்லை. சரி, முறையாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் தட்சிணாமூர்த்தி. கடலூர் ஓல்டு டவுனில் மல்லாட்டை மண்டித் தரகன். செத்துப்போன கொளஞ்சியப்பன் என் மனைவி இருசம்மாளின் அண்ணன். அதே மண்டியில் அவர் முதல் துண்டு, நான் இரண்டாம் துண்டு. இது உங்களுக்குப் புரிய வேண்டும். எங்கள் மண்டியில் விலையை வாயால் சொல்வது கிடையாது. விற்கிறவன் கையும் தரகன் கையும் ஒரு துண்டுக்குள் போகும். விரலைப் பிடித்தால் விலை. உள்ளங்கையைச் சுரண்டினால் போதாது, மேலே வா என்று அர்த்தம். முழுக்கையையும் கொடுத்துவிட்டால் சம்மதம், முடித்துக்கொள். வெளியே இரண்டு முகமும் மழையைப் பற்றியோ மருமகளைப் பற்றியோ பேசிக்கொண்டிருக்கும். முகத்தில் ஏதாவது தெரிந்துவிட்டால் அவன் தரகனே இல்லை.

பண்ருட்டி, அண்ணாகிராமம் பக்கத்துப் பெரிய கைகளெல்லாம் மச்சான் துண்டுக்குள்தான் போகும். எனக்கு வருவது அரை மூட்டை, ஒரு மூட்டை வேர்க்கடலைக்காரன் கை. பதினான்கு வருஷம் ஐயா. அந்த இடத்தை எனக்கு விடச் சொல்லி இரண்டு தடவை கேட்டேன். "பாப்பம் மாப்ள" என்றார். எங்கள் தொழிலில் பார்ப்போம் என்றால் மாட்டேன் என்றுதான் பொருள்.

போன ஐப்பசியில், அடைமழைக்கு மண்டி மூடிய வாரத்தில், அவருக்கு நெஞ்சு வலித்தது. டாக்டர் இதயம் பலவீனம் என்றார். மாடிப்படி ஆகாது, கோபம் ஆகாது, அதிர்ச்சி ஆகாது. தை பிறக்கும்வரை ஓய்வெடுத்தால் பழையபடி மண்டிக்குப் போகலாம். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க மாத்திரை கொடுத்தார். இருசம்மாள் அந்தப் பாட்டிலை என் சட்டைப் பையில் போட்டாள். "அண்ணன் ஒண்டியா கெடந்தா எதையாச்சும் நெனச்சிக்கும். நீங்களும் சும்மாதான இருக்கீங்க, கூட இருங்க" என்றாள்.

கூட இருந்தேன். டாக்டர் சொல்லை மீறவே இல்லை. சினிமாவில் மாடிப்படி இல்லை, கோபப்பட வேண்டியதும் இல்லை. சோபா டிக்கெட்தான் எடுத்தேன். நோயாளியை நான் பெஞ்சில் உட்கார வைத்ததாக யாராவது சொன்னால் அது அபாண்டம்.

மழைக்குப் பயந்து புதுப்படம் எதுவும் வராத சமயம். திருப்பாதிரிப்புலியூர்க் கொட்டகைக்காரர் கையில் கிடைத்த பழைய பேய்ப்படங்களை இரண்டு நாளைக்கு ஒன்றாக மேட்னி ஷோ ஓட்டிக்கொண்டிருந்தார். தமிழ், தெலுங்கு, இந்தி, எல்லாம் கலந்து. முதல் படத்தில் ஒரு வெள்ளைப்புடவைக்காரி மரத்துக்கு மரம் தாவினாள். அவள் இடுப்பில் கட்டியிருந்த கம்பி எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. இந்திப் படத்துப் பிசாசு நடுநடுவே டூயட் பாடியது. தெலுங்குப் படத்தில் குடம் குடமாக ரத்தம். மச்சான் அதைப் பார்த்து, "பீட்ரூட்டக் கரைச்சி ஊத்திருக்கான்" என்றார்.

குளிராக இருந்ததால் என் துண்டை இரண்டு பேர் மடியிலும் போட்டேன். அவர் கை தானாகவே உள்ளே வந்தது. முப்பது வருஷப் பழக்கம், துண்டைக் கண்டால் சும்மா இருக்காது. நானும் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முகம் கல் மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, கை மட்டும் பேசுகிறது. வெள்ளைப்புடவைக்கு ஒன்றுமில்லை. ரத்தத்துக்கும் ஒன்றுமில்லை. எதுவுமே வராத காட்சியில், வெறும் தாழ்வாரத்தைக் காட்டிக்கொண்டே இருந்தபோது, மணிக்கட்டு துடித்தது, விரல் நுனி ஜில்லிட்டது. நான்கு படத்தில் எதற்கு எவ்வளவு பயம் என்று எனக்குக் கணக்காகிவிட்டது. வெளியே வரும்போதெல்லாம் கேட்பேன், பயமாக இருந்தால் அடுத்த படம் வேண்டாம் மச்சான் என்று. அக்கறையாகத்தான் கேட்பேன். அவர் அடுத்தது என்றைக்கு என்பார். இரண்டாம் துண்டுக்காரனிடம் முதல் துண்டுக்காரர் பயந்துவிட்டேன் என்று சொல்வாரா?

சிதம்பரத்தில் காலேஜ் பிள்ளைகளுக்காக ஒரு இங்கிலீஷ் படம் வந்திருந்தது. முந்தின நாள் நான் மட்டும் பாசஞ்சர் வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சரக்கைத் தொட்டுப் பார்க்காமல் வாங்குகிற ஆள் இல்லை நான். ஒரு வீடு. செத்துப்போனவனுக்கும் மேசையில் சாப்பாட்டுத் தட்டு வைக்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் தட்டு காலி. படம் முழுக்க அவ்வளவுதான். மச்சானுக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரியாத பாஷையில் பயம் ஜாஸ்தி.

மறுநாள் அவரை அழைத்துப் போனேன். இடைவேளையில் கேட்டேன். "தைக்கு மண்டி தெறக்கையில மொதத் துண்ட நான் புடிச்சிக்கட்டுமா மச்சான்? ஒடம்பு முடியாத மனுசன் நீங்க."

"எனக்கு என்னா கொறச்சல் மாப்ள?"

"பயமா இருந்தா இப்பிடியே எழுந்து போயிடலாம்."

"பொம்மயப் பாத்து பயப்படறவனா நானு? ஒக்காரு, படம் போட்டுட்டான்."

மூன்றாவது தட்டு காலியானபோது அவர் உள்ளங்கை வேர்த்துக் கொட்டியது. நான்காவது தட்டில், துண்டுக்குள், முழுக்கையையும் என் கையில் வைத்து அழுத்தினார்.

சம்மதம், முடித்துக்கொள். பதினான்கு வருஷமாக நான் கேட்டது ஐயா. வாயால் தராததைக் கையால் தந்துவிட்டார். துண்டுக்குள் கொடுத்த வாக்கை மண்டியில் யாரும் மாற்றிப் பேசியதில்லை. அந்த நிமிஷமே அவரை எழுப்பி, வராந்தாவுக்குக் கூட்டிப்போய், மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்திருக்கலாம். பாட்டில் என் பையில்தான் இருந்தது.

நான் அவர் உள்ளங்கையைச் சுரண்டினேன்.

போதாது, மேலே வா. இன்னும் என்ன வேண்டியிருந்தது என்று கேட்கிறீர்கள். ஒன்றும் இல்லை. முதல் தடவை கை கொடுத்ததுமே வாங்கிக்கொள்கிறவன் தரகனா? அவர்தான் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர். மறுபடி முழுக்கையையும் தந்தார், இன்னொரு கையையும் மேலே வைத்து. மறுபடி சுரண்டினேன். அவர் முகம் திரையை விட்டு நகரவில்லை. என்ன முகம் ஐயா, கடைசிவரை தொழில்காரர் முகம். வாய்திறந்து மாத்திரை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன். சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் கை கனத்துப்போய்ச் சரிந்தது.

படம் முடிந்து தேசிய கீதம் போட்டார்கள், சீனச் சண்டைக்கு அப்புறம் வந்த வழக்கம். எல்லோரும் எழுந்து நின்றோம். மச்சான் எழவில்லை. பின்வரிசைப் பையன் ஒருவன் அவரை நாட்டுப்பற்று இல்லாதவர் என்று திட்டினான். அது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

தையில் மண்டி திறந்தது. முதல் துண்டு எனக்கு வந்தது, முறைப்படி. மாசியில் பழந்துணி ஒதுக்கும்போது இருசம்மாள் என் சட்டைப் பையில் அந்தப் பாட்டிலைப் பார்த்திருக்கிறாள், மூடியில் ஒட்டிய தாள் பிரிக்காமல். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்துவிட்டாள்.

ஆமாம், பயத்தாலேயே அவரைக் கொன்றேன். எப்படி, எத்தனை படத்தில் என்று எல்லாம் சொல்லிவிட்டேன், எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? ஒன்று மட்டும் என் பேரில் எழுதிவிடாதீர்கள். பேரம் முடியுமுன் பாதியில் கையை விடுவது எங்கள் மண்டியில் பெரிய தப்பு. அன்றைக்கு அப்படி விட்டவர் மச்சான்தான். கொட்டகையில் விளக்குப் போடும்வரை நான் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.