மாமாவுக்குக் கொடுத்த கடிகாரம்

நாற்காலி நன்றாக இருக்கிறது, மேடம். நான்கு கால்களும் தரையில் சரியாக உட்காருகின்றன. உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் யாரோ பார்த்து வாங்கியிருக்கிறார்கள். எங்கே போனாலும் உட்காரும் முன் ஒரு முறை ஆட்டிப் பார்ப்பது எனக்குத் தொழில் பழக்கம். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வக்கீல் வந்த பிறகு பேசலாம் என்று சொன்னீர்கள். வேண்டாம். அவர் வந்தால் நான் சொல்லாததையெல்லாம் சொல்லிக் குழப்புவார். பத்தொன்பது வருடமாக அறிக்கை எழுதுகிறவன் நான். நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கையில் கட்டியிருப்பது எங்கள் கம்பெனிக் கடிகாரம்தான், வந்ததுமே பார்த்தேன். பழைய மாடல். அதை விட்டுவிடாதீர்கள். அதன் பின்மூடியைத் திறந்தால் ஓரத்தில் மெல்லிய ரப்பர் வளையமும் நான்கு பொடி ஸ்க்ரூவும் இருக்கும். அடுத்து வந்த மாடலில் இரண்டும் கிடையாது. வெறும் பசை. கடிகாரம் மெலிந்தது, விலை ஏறியது, கடை வாசலில் ஜனம் வரிசையில் நின்றது. தரப் பரிசோதனைப் பிரிவின் தலைவன் என்ற முறையில் அந்தப் பசைக்குக் கையெழுத்துப் போட்டவன் நான்.

உடனே போட்டுவிடவில்லை. எங்கள் பிரிவில் சோப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. கடிகாரங்களை அதில் போட்டு, சூடேற்றி, ஆறவைத்து, மறுபடி சூடேற்றி, ஒரு மனிதன் வருடம் முழுக்கக் குளிக்கிற குளியலை மூன்று வாரத்தில் குளிப்பாட்டிவிடுவோம். பதினைந்து மாதக் குளியலில் பசை விட்டது. தண்ணீர் உள்ளே போனதும் முதலில் சாவது செய்தி அனுப்பும் பகுதி. திரை சாகாது. மணி காட்டும், தேதி காட்டும், நாடித்துடிப்பைக்கூடக் காட்டும். வெளியே யாரையும் கூப்பிட மட்டும் அதற்கு வராது. இதை அப்படியே எழுதி மேலே அனுப்பினேன். மேலாளர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"வாரண்டி எவ்வளவு?"

"பன்னிரண்டு மாசம் சார்."

"பசை எவ்வளவு தாங்குது?"

"பதினஞ்சு."

"அப்போ மூணு மாசம் நாம சும்மா குடுக்கறோம். அதுக்கு மேல என்னய்யா தர்மம் வேணும்?"

மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் திருத்தச் சொன்னார்கள். நான்காவது முறை 'ஏற்கத்தக்கது' என்று எழுதினேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஏற்றுக்கொண்டுவிட்டோம், ஆகவே ஏற்கத்தக்கது.

இனி மாமா. என் மனைவியின் அப்பா. முப்பத்தெட்டு வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். எழுபத்து நான்கு வயதிலும் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் குட்டி ஸ்க்ரூ டிரைவர் ஒன்று செருகியிருப்பார். மாமியார் போன பிறகு இரண்டாம் மாடி வீட்டில் தனியாக இருந்தார். கீழ் வீட்டில் துணி தைக்கிற அம்மா ஒருவர் காலையும் மாலையும் மேலே வந்து அவரை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அந்தத் தையல்காரம்மாவிடம் ஒரு சாவி இருந்தது.

என்னை மாமா மரியாதையாகத்தான் நடத்தினார். வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை என்று வாய் நிறையக் கூப்பிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் அவர் வீட்டில் கூடியிருந்தோம். என் மைத்துனன் எங்கள் புது மாடலைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். மாமா அதை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஓரத்தில் நகத்தைக் கொடுத்தார். பின்மூடி கையோடு வந்துவிட்டது. ஸ்க்ரூ டிரைவருக்கு வேலையே இல்லை.

"இதுக்குக் கையெழுத்துப் போட்டது யாரு மாப்பிள்ளை?"

"நான்தான் மாமா."

"லிப்ட்டுக்கு எத்தனை கயிறு தெரியுமா? தூக்கறதுக்கு ஒண்ணு போதும். நாங்க அஞ்சு போடுவோம். ஏன்னா, ஒண்ணே போதும்னு சொன்னவனும் அதுலதான் ஏறப் போறான்." மூடியை அமுக்கி வைத்துத் திருப்பிக் கொடுத்தார். "நல்லா ஒட்டியிருக்கீங்க. தபால் கவர் மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவிக்கு அப்பா பேச்சென்றால் கற்கண்டு, அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். மூன்று அறிக்கைகளில் நான் எழுதி எழுதி அழித்ததை அவர் ஒரு நகத்தால் சொல்லிவிட்டார். அதுவரை அது எனக்கும் என் மேலாளருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அன்று முதல் மைத்துனன் மனைவிக்கும் தெரியும். எனக்குக் கோபம் எதுவும் இல்லை, மேடம். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த மாதம் மாமா குளியலறையில் வழுக்கி விழுந்தார். பெரிதாக ஒன்றுமில்லை, முழங்கையில் சிராய்ப்பு. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை மாற்றியதிலிருந்து எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றார். என் மனைவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நம் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாம் என்றாள்; அவர் மசியவில்லை. சரி, குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பியாவது வைக்கலாம் என்றாள்.

"கம்பி வெச்சா கிழவனாயிட்டோம்னு மனசு விட்டுடுவார்," என்றேன். "நான் ஒண்ணு கொண்டு வரேன், இரு."

புது மாடலிலேயே உயர்ந்த வகைக் கடிகாரம் அது. கட்டியிருப்பவர் விழுந்தால் தானாகவே மகளின் போனுக்குச் செய்தி அனுப்பும். பக்கத்தில் உள்ள பட்டனை அழுத்தினாலும் அனுப்பும். மற்ற நேரமெல்லாம் மகளின் போனில் ஒரு பச்சைக் குறி நிற்கும்: அப்பா நலம். பெட்டி புதிது. வார் புதிது.

மாமா லேசில் நம்பவில்லை. கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு மெத்தை மேல் தொப்பென்று விழுந்தார். சமையலறையில் இருந்த என் மனைவியின் போன் அலறியது. மறுபடி விழுந்தார், மறுபடி அலறியது. மொத்தம் ஏழு முறை விழுந்தார். எங்கள் பிரிவில்கூட ஐந்து முறைதான் பார்ப்போம். பிறகு எழுந்து, கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, என் இரண்டு கைகளையும் பிடித்தார்.

"மாப்பிள்ளை, அன்னிக்கு எல்லாரு முன்னாடியும் தப்பா பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. சாமான்னா இது சாமான்."

அதன்பின் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான். பால்காரருக்குக் காட்டினார், மருந்துக்கடைக்காரருக்குக் காட்டினார். தையல்காரம்மாவிடம் அவரே சொன்னார்: "இனிமே நீ மூச்சு வாங்கிட்டு மாடி ஏற வேணாம்மா. மாப்பிள்ளை எனக்குக் காவலுக்கு ஆள் போட்டுட்டார்." சாவியைத் திருப்பி வாங்கி என்னிடம் கொடுத்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

குளிக்கும்போது கழற்ற வேண்டுமா என்று கேட்டார். "வேணாம் மாமா. அங்கதானே விழறீங்க," என்றேன். பொருளைப் பேணத் தெரிந்தவர். தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் துடைத்துப் புதிது போல வைத்திருப்பதாக போனில் சொன்னார். நல்லது மாமா என்றேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கடிகாரம் கடையில் வாங்கியதல்ல. சோப்புத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்தது. பதினொரு மாதக் குளியலை அது ஏற்கெனவே முடித்திருந்தது.

பதினைந்தில் பதினொன்று போனால் நான்கு. தேதியெல்லாம் குறித்து வைக்கவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. பொருளில் குறை கண்டவருக்கு அந்தக் குறையைக் காட்டுவதுதானே முறை என்று அப்போது நினைத்தேன். அவர் பாராட்டிய பிறகாவது வேறு கடிகாரம் மாற்றிக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். அதையும் யோசித்தேன். பத்துப் பேரிடம் பெருமையாகக் காட்டிவிட்டவரிடம் போய், மாமா இது நிற்கப் போகிறது, வேறு தருகிறேன் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? பதினான்கு வருட உறவில் அவர் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நான்கு மாதமும் ஒன்பது நாளும் ஓடியது.

ஒரு சனிக்கிழமை மதியம், நான் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி போனோடு வந்தாள்.

"ஏங்க, அப்பா போனே எடுக்கலை. மூணு தடவை அடிச்சுட்டேன்."

"வாட்ச் என்ன சொல்லுது?"

"பச்சைதான் காட்டுது."

"அப்புறம் என்ன? போனை எங்கயாவது வெச்சுட்டுத் தேடிட்டிருப்பார்."

கடிகாரத்திலிருந்து செய்தி வராமல் போனால் முன்பெல்லாம் அந்தக் குறி சிவப்பாகும். சிவப்பைப் பார்த்தால் ஜனங்கள் பயந்துபோய் கம்பெனிக்கு போன் போடுகிறார்கள் என்று சிவப்பையே எடுத்துவிட்டார்கள். இப்போது கடைசியாக வந்த நல்ல செய்தியைக் காட்டியபடி பச்சையாகவே நிற்கும். என் மனைவிக்கு அது தெரியாது. அவள் அந்தப் பக்கம் போனதும் ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். மாமாவின் கடிகாரத்திலிருந்து கடைசிச் செய்தி வந்தது வெள்ளிக்கிழமை மாலை ஆறு பதினெட்டுக்கு. மூடி வைத்துவிட்டு மிச்சச் சட்டைகளையும் தேய்த்தேன். ஒரு காலர் மட்டும் லேசாகத் தீய்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடறேங்க."

"போ. ஆனா சந்தேகப்பட்டு வந்து எட்டிப் பாத்தா அவருக்குப் பிடிக்காது. போன தடவை என்ன கேட்டார்? என்னை நம்பலியா, மாப்பிள்ளை சாமானை நம்பலியான்னு கேட்டார்ல?"

அவள் செருப்பைக் கழற்றினாள். நான் தடுக்கவில்லை, மேடம். 'போ' என்றுதான் ஆரம்பித்தேன்.

திங்கட்கிழமை காலை பால்காரர் மூன்றாவது பாக்கெட்டை வைக்க வந்தபோது, முந்தைய இரண்டும் வாசலிலேயே கிடப்பதைப் பார்த்துத் தையல்காரம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா ஆட்களைக் கூப்பிட்டுக் கதவை உடைத்தார். மாமா குளியலறைத் தரையில் கிடந்தார். இடுப்பெலும்பு முறிவு. குழாய் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. விழுந்த அன்றைக்கே பார்த்திருந்தால் பிழைத்திருப்பார், இந்நேரம் ஊன்றுகோலோடு நடந்திருப்பார் என்றார் டாக்டர். தையல்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "சாவி மட்டும் எங்கிட்ட இருந்திருந்தா ரெண்டு வேளையும் பாத்திருப்பேனே தம்பி." நல்ல மனுஷி.

என் மனைவி அழுது ஓய்ந்ததும் செய்த முதல் வேலை, கடிகாரத்தையும் சேர்த்து அனுப்பிக் கம்பெனிக்குப் புகார் எழுதியதுதான். புகார்கள் எங்கள் பிரிவுக்குத்தான் வரும். ஒரு வாரத்தில் அது பிளாஸ்டிக் உறைக்குள் என் மேசைமேல் இருந்தது. வேறு யாரிடமாவது தள்ளிவிட்டிருக்கலாம். வேலையில் நான் அப்படிச் செய்ததில்லை. திறந்தேன். உள்ளே எல்லாம் பதிவாகியிருந்தது. விழுந்தது சனிக்கிழமை காலை ஏழு இருபது. உதவிப் பட்டனை அழுத்தியது மொத்தம் நாற்பத்தொரு முறை. முதல் பத்து நிமிடத்தில் பதினாறு. அதன்பின் அரை மணிக்கு ஒன்று, ஒரு மணிக்கு ஒன்று என்று நிதானமாகவே அழுத்தியிருக்கிறார். மெக்கானிக் அல்லவா. கடைசி முறை ஞாயிறு மாலை நாலே கால். என் மனைவி செருப்பைக் கழற்றியதற்கும் அதற்கும் நடுவில் ஆறு மணி நேரம் இருக்கிறது. நீங்கள் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.

'பட்டன் நல்ல நிலையில் உள்ளது. சோப்புத் தண்ணீரில் அளவுக்கு மேல் கழுவியதே பழுதுக்குக் காரணம்' என்று அறிக்கை எழுதினேன். மேலாளர் படித்துவிட்டுத் தோளில் தட்டினார். "சொந்தக்காரர்னுகூடப் பாக்காம எழுதியிருக்கீங்க. இதுதான் தரம்."

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் வாடிக்கையாளர் பிரிவினர் கறாரானவர்கள். என் மனைவிக்கு அனுப்பிய பதிலில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: 'தங்கள் கடிகாரத்தின் எண் விற்பனைக்கு விட்டதல்ல, சோதனைக்கு ஒதுக்கியது. எனவே வாரண்டி பொருந்தாது.' அவள் அந்தக் கடிதத்தோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"சோதனைக்கு ஒதுக்கினதுன்னா என்னங்க?"

சொன்னேன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டவனில்லை நான். தொட்டியைச் சொன்னேன், பதினொரு மாதத்தைச் சொன்னேன், வெள்ளிக்கிழமை ஆறு பதினெட்டைச் சொன்னேன். அவள் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். நேராக இங்கேதான் வந்திருக்கிறாள்.

நான் சொல்லச் சொல்ல உங்கள் எழுத்தர் தட்டச்சு செய்ததைப் படித்துப் பார்த்தேன். சுத்தமான வேலை. ஒரே ஒரு திருத்தம். இரண்டாம் பக்கத்தில் 'தரக்குறைவான கடிகாரத்தைக் கொடுத்து' என்று இருக்கிறது. அது தவறு. பதினைந்து மாதம் தாங்கும் என்று அறிக்கையில் சொன்னோம். பதினைந்து மாதமும் ஒன்பது நாளும் தாங்கியது. அவர் சாகட்டும் என்றுதான் அதைக் கொடுத்தேன். சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் அவளை வீட்டிலேயே இருக்கவைத்தேன். கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தரக்குறைவு என்று மட்டும் எழுதாதீர்கள், மேடம். வெளியே தெரிந்தால் என் பெயர் கெட்டுவிடும்.