அடக்கப் பதிவேட்டில் அழிக்கும் கட்டளை

— மாமா, மூணாவது தடவையா சொல்லுதேன். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம், மூணு பதிவேட்டுக்கும் கம்ப்யூட்டர்ல ஒரே அச்சுதான். பேரைச் சேர்க்க, தேட, திருத்த, அழிக்க. உள்ள வாறது எந்த ஏடுன்னு அந்த நாலு கட்டளைக்கும் கவலை கிடையாது.

— அதான் எனக்குக் கவலையா இருக்கு, பெர்சிஸ். அடக்கத்துக்கு மட்டும் அழிக்கது வேண்டாம்.

— ஒன்னுக்கு மட்டும் எடுக்க முடியாது மாமா. அழிக்கதைத் தனியாப் பிரிச்சு, மூணு ஏட்டையும் மறுபடி கோக்கணும். ரெண்டு நாள் வேலை. ஏற்கெனவே கண்ணு பூத்துப் போச்சு.

— கோத்துக் குடு பிள்ளே.

— சனிக்கிழமை எனக்குக் கல்யாணம். அதுக்குள்ள எப்படி? ஒரு பேரைத் தப்பா ஏத்திட்டியன்னா என்ன செய்விய?

— திருத்துவேன். முப்பது வருசமா இந்தச் சபைக்குக் குமாஸ்தா. பேனாவால எழுதுன ஒரு சாவையும் நான் அழிச்சதில்ல.

— அப்போ இதுலயும் அழிக்காதிய. அந்தக் கட்டளை அது பாட்டுக்குக் கெடக்கட்டும்.

— கெடக்கப்பிடாது.

— இந்த நாலு கட்டளைக்கும் போதகர் ஐயாவே சரின்னுட்டாரு. நேராச் சொல்லுங்க, வேலையை இழுத்தடிச்சா நான் இன்னொருத்தனைக் கட்டிக்கிட்டுப் போக மாட்டேன்னு நினைக்கியளா?

— அப்படியா தோணுது உனக்கு?

— என் கல்யாண அறிவிப்பு ஓலையை மூணு ஞாயிறும் கோயில்ல வாசிச்சாச்சு. ஒரு ஞாயித்துக்கிழமையாவது நீங்க தலை நிமிந்தியளா? மெர்வின் போயி அஞ்சு வருசம் ஆச்சு மாமா. உங்களுக்கு மொவன்னா, எனக்குப் புருசன். நானும்தான் அழுது தீத்தேன்.

— வெள்ளத்துல சீவைகுண்டம் அணைக்கிட்ட ஒதுங்கின உடம்புக்கு முகமே இல்ல பிள்ளே. சட்டையைப் பாத்துத்தான் என் மொவன்னு சொன்னேன். நானே ஏட்டுலயும் எழுதுனேன். அதே சட்டை ஊருல எத்தனை பேருக்கு இருந்திருக்கும்?

— இப்ப எதுக்கு மாமா அதெல்லாம்?

— நேத்து நீ சாப்பிடப் போனப்போ அவன் பேரைத் தேடி எடுத்தேன். அந்தக் கட்டளையைத் தொட்டேன், அழிக்கவான்னு கேட்டுச்சு. ஆமான்னு ஒரு தட்டுத் தட்டினா, அவன் சாகலைன்னு ஆயிரும். எம்புட்டு நேரம் அப்படியே இருந்தேன்னு எனக்கே தெரியலை.

— ஐயோ மாமா. அழிச்சிட்டியளா?

— இல்ல. ஆனா இன்னைக்கும் கை அங்கனதான் போகுது. அதை எடுத்துரு தாயி. அவன் சாவு அந்த ஏட்டுல இருந்தாத்தான், சனிக்கிழமை உன் கல்யாணத்தை என் கையால எழுத முடியும்.