அரை மணி நேரப் பேச்சு

டீயில் சர்க்கரை தூக்கலாக இருக்கும் மேடம், தம்பி கொளஞ்சிக்குப் போடும் பழக்கத்தில் போட்டுவிட்டேன். அவன் உள்ளேதான் படுத்திருக்கிறான். தூங்கவில்லை, புரண்டுகொண்டிருக்கிறான். கட்டில் கிறீச்சிடுவது கேட்கிறதா? அது நின்றுவிட்டால் நான் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவேன், தப்பாக நினைக்காதீர்கள். போன வாரம் ஜங்ஷனில் தண்டவாளத்தில் போய் நின்றவனை யாரோ ஒரு புண்ணியவான் இழுத்துப் போட்டார். அன்றிலிருந்து என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

நன்றாகத் தேறி வந்தவன் எப்படி மறுபடி செல்போன் ரம்மியில் விழுந்தான், யாராவது தூண்டிவிட்டார்களா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. முதலில் இருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

அம்மா போனபோது அவன் சின்னப் பிள்ளை. அவனுக்காகத்தான் நான் கல்யாணம் வேண்டாம் என்றேன். வளர்ந்ததும் நான் வேலை செய்யும் பீங்கான் கம்பெனியிலேயே சேர்த்துவிட்டேன். அவன் சூளையில், நான் மெருகு பூசும் இடத்தில். ரம்மி பிடித்த காலத்தில் தோற்றுவிட்டு வந்து என் மடியில் தலையை வைத்து அழுவான். "யக்கா, நீ இல்லன்னா நான் செத்துருவேன்" என்பான். கஷ்டம்தான். ஆனாலும் வீட்டில் எனக்கென்று ஒரு ஆள் இருந்தது.

கவுன்சிலிங்குக்கு உங்களிடம் அழைத்து வந்ததும் நான்தானே? அவன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். ஆசை வந்தால் அதோடு மல்லுக்கட்டாதே, அரை மணி நேரம் அக்காவோடு பேசிக்கொண்டிரு, தீ போடாத சூளை மாதிரி தானே ஆறிவிடும் என்றீர்கள். சூளைக்காரனுக்கு அது சட்டென்று பிடிபட்டது. 'ஒரு சீட்டில் போச்சே' என்று மனசு சொன்னால், ஒரு சீட்டில் போனாலும் தோல்விதான் என்று பதில் சொல்லச் சொன்னீர்கள். 'எப்போது நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும்' என்ற நினைப்பு வந்தால், அது நோய் பேசும் பேச்சு, அதை நம்பாதே என்றீர்கள். ரம்மி இருந்த போனை என்னிடம் கொடுத்து வைத்தீர்கள்.

இன்னொன்றும் சொன்னீர்கள். சூளை திறக்கும்போது எத்தனை உருப்படி விரிசல் விட்டிருக்கும் என்று எங்கள் ஆட்கள் டீ பந்தயம் கட்டுவார்கள். அந்த நேரத்தில் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொள்ளச் சொன்னீர்கள். மற்றவர்கள் கேலி செய்தாலும் அவன் சிரித்துக்கொண்டே போய் நின்றான்.

தேறிவிட்டான் மேடம். எல்லோரும் பாராட்டினார்கள். சாயங்காலம் வந்தால் ஒழுகுகிற குழாயைச் சரிசெய்வான், சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவான். எனக்குத்தான் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். அப்போதுதான் அவனுக்குச் சேத்தியாத்தோப்பு மோகனப்பிரியாவை நிச்சயம் செய்தோம். அவளுக்குப் பாண்டிச்சேரியில் வேலை. இவனும் அங்கேயே போவதாக ஏற்பாடு. அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, "யக்கா, எனக்காக நீ பட்டது போதும். இனிமே என்னிய நானே பாத்துக்கிறேன்" என்றான். நல்ல வார்த்தைதான். எனக்கு வயிறு எரிந்தது.

உண்மையிலேயே தேறியிருக்கிறானா என்று பார்த்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். புருஷனாகப் போகிறவன் இல்லையா? அடுத்த முறை சூளை திறந்தபோது கேட்டுக்குப் போய் அவனை உள்ளே கூப்பிட்டேன்.

"ஒரு டீக்குத்தானடா. எத்தினி விரிசல் வுட்டிருக்கும், சொல்லு."

"வேணாம் யக்கா. மேடம் சொல்லியிருக்காங்க."

"நான் கூடவே இருக்கறேன், அப்புறம் இன்னாடா பயம்?"

எனக்காக வந்தான், எனக்காக ஒரு எண்ணைச் சொன்னான். எண்ணிப் பார்த்தால் ஒன்றுதான் வித்தியாசம். "அடடா, ஒண்ணுல போச்சேடா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் அன்று முழுக்க அவன் கட்டைவிரல் சும்மா இருக்கவில்லை, போனில் சீட்டைத் தள்ளுவதுபோல் அசைந்துகொண்டே இருந்தது.

பிறகு அந்தப் பழைய போனைச் சார்ஜ் போட்டு டிவி பக்கத்தில் வைத்தேன். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. ஒளித்து வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேர்த்து விறுவிறுத்து அடுப்படிக்கு வந்தான். "யக்கா, வருதுக்கா. அரை மணி நேரம் எங்கூட பேச்சு குடு."

"கோயிலுக்குப் போயிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டினேன். தெருமுனை வரைக்கும் பின்னாலேயே வந்தான். "பத்து நிமிஷமாச்சும் பேசுக்கா" என்றான். நான் ஆட்டோவில் ஏறிவிட்டேன். பழமலைநாதர் கோயில் பிரகாரத்தில் போய் உட்கார்ந்தேன். எத்தனையோ மாதம் கழித்து அன்றுதான் என் கையும் காலும் அமைதியாக இருந்தன. திரும்பி வந்தபோது கல்யாணத்துக்கு வைத்திருந்த பணமெல்லாம் ரம்மியில் போயிருந்தது. என் மடியில் வந்து விழுந்தான். பெண் வீட்டார் பிறகு நிச்சயத்தை முறித்துக்கொண்டார்கள்.

ஆமாம் மேடம், தூண்டிவிட்டது நான்தான். அவன் கெட்டுப்போக வேண்டும் என்று இல்லை. என்னிடம் வர வேண்டும் என்றுதான்.

இனி போனை என்னிடம் கொடுக்க முடியாது, கூட வேலை செய்யும் அன்புச்செல்வன் வந்து அவனோடு இருக்கட்டும் என்கிறீர்கள். எதற்கு? இப்போது நான் ஊட்டினால்தான் அவன் வாயைத் திறக்கிறான். கொஞ்சம் தெம்பு வரட்டும், நானே மறுபடி உங்களிடம் அழைத்து வருகிறேன். நீங்கள் தேற்றிக் கொடுங்கள். போன முறை கொஞ்சம் கைமீறிவிட்டது. தண்டவாளம் வரைக்கும் போவான் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மிச்சமெல்லாம் நான் நினைத்தபடியேதான் நடந்தது, அந்த ஒன்றில்தான் போச்சு. இந்த முறை அப்படி ஆகாது மேடம். எப்போது நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும்.