வார் அறுந்த வெள்ளைச் செருப்பு

இல்லைங்கய்யா, பாதியில குடுத்தா ஒத்தைப் பூட்ஸோடதான் தெருவுல போகணும். அரண்மனை அதிகாரி நொண்டிக்கிட்டுப் போனா ஊரே வேடிக்கை பாக்கும், உங்களுக்கு நல்லாவா இருக்கும்? குதி மொத்தமா கழண்டு வந்துடுச்சு, ஆணியெல்லாம் துரு. எத்தனை வீடு ஏறி இறங்கினீங்க? முந்நூத்திப் பத்தா! அப்புறம் தேயாம என்ன பண்ணும். உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க.

அந்தச் செருப்புப் பெட்டியைக் கீழ வைங்களேன், யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. ஒரு செருப்பு யாரோடதுன்னு தெரியணும்னா மொதல்ல எங்க வரணும்? செருப்பு தைக்கிறவன்கிட்டதானே? அதோ பாருங்க, அந்தப் பலகை பூரா மரக்கட்டைதான். ஒவ்வொண்ணும் ஒருத்தர் காலோட அச்சு. இந்த ஊர்ல பாதிப் பேர் கால் என் வீட்டுல இருக்கு. நீங்க என்னடான்னா பதினஞ்சு நாளா வீடு வீடா பொண்ணுங்க காலைத் தூக்கித் தூக்கிப் பாத்துட்டு, பூட்ஸ் பிஞ்சப்புறம் இங்க வர்றீங்க. அதுவும் ரிப்பேருக்கு! உங்களைச் சொல்லி என்ன. மேல இருக்கறவங்களுக்கு செருப்பு என்னமோ மரத்துல காய்க்குதுன்னு நினைப்பு.

ஆமா, அந்த மூணாவது தெரு வீட்டுக்கு நீங்கதானே போனீங்க? செருப்புக்குள்ள ரத்தம்னு சொன்னாங்க. பெரியவளுக்குக் கட்டை விரல், சின்னவளுக்குக் குதிகால். இந்தச் செருப்பு நுழையணும்னு பெத்த தாயே வெட்டியிருக்கா. மறுநாள் அந்த அம்மா ரெண்டையும் வண்டியில போட்டு இங்க கூட்டிட்டு வந்துச்சு. வெட்டின இடத்துல பஞ்சு வச்சுத் தச்சுக் குடுங்கன்னு கேக்குது, வெக்கமே இல்லாம. அளவு எடுக்கறப்ப பெரிய பொண்ணு அழக்கூட இல்லைங்க. நான்தான் அளவை மூணு தடவை தப்பா எடுத்தேன். முப்பது வருஷமா கால் தொடறேன், அன்னிக்கு மாதிரி ஒரு நாளும் இல்லை.

கொஞ்சம் பொறுங்க, பழைய பசையைச் சுரண்டணும். அதுக்கு மேலயே பூசினா நாளைக்கே வாயைப் பொளக்கும்.

ஊர்ல கண்ணாடிச் செருப்புன்னு சொல்றாங்களே, கேட்டீங்களா? கண்ணாடி! மொதல் படியிலயே சில்லு சில்லா போயிருக்கும். வெள்ளைத் தோல்ல மெழுகு தேச்சு மெருகேத்தினா விளக்கு வெளிச்சத்துல அப்படித்தான் மின்னும். ஒரு மந்திரக்காரி குடுத்தாளாம், எலியெல்லாம் குதிரையாச்சாம். நல்லா சொன்னாங்க போங்க. மெருகேத்தறவனுக்கு எட்டு நாள் முதுகு வலி, பேர் மட்டும் மந்திரக்காரிக்கு.

அந்தச் செருப்பைக் குடுங்க, பாக்கறேன். கை சுத்தம்தான், துடைச்சுட்டேன்.

ம்.

இல்ல, ஒண்ணும் இல்ல. இந்த வாரைப் பாருங்க. தானா கழண்டு விழுந்துச்சுன்னுதானே தண்டோரா போட்டாங்க? இளவரசர் பொறுக்கி எடுத்து நெஞ்சோட அணைச்சுக்கிட்டாராமே. கழண்டு விழுந்த செருப்புன்னா கொக்கி திறந்திருக்கணும். இதுல கொக்கி மாட்டினபடியே இருக்கு. இந்தப் பக்கம் வார் அடியோட பிஞ்சு வந்திருக்கு, தோலையும் சேத்துக் கிழிச்சுக்கிட்டு. இங்க தொட்டுப் பாருங்க. உங்களுக்கு இது சும்மா கிழிசல். எனக்கு, எழுதி வச்ச மாதிரி. அவ படியில கீழ ஓடியிருக்கா. பின்னாடி வந்தவன் கணுக்காலை வாரோட சேத்துப் பிடிச்சிருக்கான். பிடிச்சவன் விடல. விடவே இல்லைங்க அந்தப் பாவி.

இளவரசரைப் போய் அவன் இவன்னு சொன்னேனா? சொல்லிட்டுப் போறேன். வாசல் கதவையெல்லாம் மூடச் சொல்லியிருக்கான், அந்தப் பொண்ணு வேணாம் வேணாம்னு சொல்லியும். அதுக்குப் பேர் காதலாம், கல்யாணமாம். எங்க எழுந்திரிக்கிறீங்க? தரையெல்லாம் ஆணி கிடக்கு, வெறுங்கால்ல குத்திடும். உக்காருங்கய்யா. உங்களுக்கும் வீட்டுல ஒரு பொண்ணு இருக்குன்னீங்களே, அதை நினைச்சுக்கிட்டு இன்னும் கொஞ்ச நேரம் உக்காருங்க.

எப்படித் தெரியும்னா? அட, இது என் தையல்ங்க. இந்த ஊர்ல வாருக்கு ரெட்டைத் தையல் போடறவன் நான் ஒருத்தன்தான். அரண்மனையிலேர்ந்து எல்லாப் பொண்ணுங்களுக்கும் அழைப்புன்னாங்க. அவ போகலன்னுதான் சொன்னா. நான்தான் கேக்கல. போயிட்டு வாடி, பெரிய மனுஷங்க நாலு பேர் உன் கால்ல இருக்கறதைப் பாத்தா நமக்கு அரண்மனை வேலை கிடைக்கும்னு அனுப்பி வச்சேன். ஆட்டத்துல கழண்டு கிழண்டு விழுந்தா என் மானம் போயிடும்னு ரெட்டைத் தையலை இன்னும் ரெண்டு சுத்து இறுக்கினேன். அங்கதான் தப்பு பண்ணிட்டேன். லேசா தச்சிருந்தா அவன் பிடிச்ச உடனே செருப்பு கையோட வந்திருக்கும், புள்ளை ஓடியிருப்பா. வார் பிய்யறதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் தாங்கிக்கிச்சு, கணுக்கால் தாங்கல. திரும்பிடுச்சு. வீட்டுக்கு வந்து விளக்கைப் பிடிச்சுப் பாக்கறேன், அஞ்சு விரலும் பதிஞ்சு நீலமா கிடக்கு.

ஆமாங்க, என் பொண்ணுதான். நேத்து வரைக்கும் காலை ஊனவே முடியல, இல்லைன்னா மறுநாளே ஊரை விட்டு அனுப்பியிருப்பேன். நீங்க இந்தத் தெருவுல நுழைஞ்சப்ப உள் அறையிலதான் இருந்தா. நீங்க பூட்ஸைக் கழட்டி என் கையில குடுத்தீங்க பாருங்க, அப்பதான் பின்பக்கமா கிளம்பினா. எங்கன்னு கேக்காதீங்க, எனக்கே சொல்லாதேன்னுட்டேன்.

இந்தாங்க, உங்க பூட்ஸ் ஆச்சு. மாட்டிக்கிட்டு என்னைக் கட்டிக் கூட்டிட்டுப் போறதா இருந்தாலும் சரி, இந்த வீட்டுல அளவு பொருந்தலன்னு எழுதிக்கிட்டுப் போறதா இருந்தாலும் சரி, உங்க இஷ்டம். எனக்கு ஒரு வருத்தம்தான். ராத்திரியெல்லாம் உக்காந்து அவளுக்குத் தடிமனா, நல்லா பாறையில நடக்கற மாதிரி ஒரு ஜோடி தச்சு வச்சிருந்தேன். கையால கூட தொடல. வேணாம்ப்பா, இனிமே நான் எதையும் கால்ல மாட்டிக்க மாட்டேன்னு சொல்லிட்டு, வெறுங்காலோடயே போயிட்டா.